அமாவாசை வகுப்பு

பிள்ளையார்பாளையத்தில் விடிவதற்கு முன்பே ஏதாவது ஒரு வீட்டில் தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். அப்புறம் பக்கத்து வீடு, எதிர்வீடு என்று தெருவே தடதடக்கும். அமாவாசையன்று மட்டும் ஒரு தறியும் ஓடாது. அது நெசவாளிக்கு விடுமுறை நாள். ஆண்கள் குளித்து, படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார்கள். பெண்களுக்கு அன்றைக்குத்தான் இரட்டை வேலை. பெண்களுக்கு விடுமுறை என்று எந்தப் பஞ்சாங்கக்காரரும் இதுவரை எழுதவில்லை.

ஆனாலும் அறுபத்தேழாம் வருஷத்திலிருந்து சில காலம், அந்த வட்டாரத்துப் பெண்கள் கொஞ்சம் பேருக்கு அமாவாசைப் பிற்பகல் என்று ஒன்று சொந்தமாக இருந்தது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டோ, காது கேட்காத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டோ பழைய நூல் கிடங்குக்கு வந்துவிடுவார்கள். நெசவாளர் சங்கம் ஒன்று காலி செய்துவிட்டுப் போன கிடங்கு அது. பட்டு நூலின் வாசனை சுவரிலேயே ஊறிக் கிடக்கும். பாயை விரித்து உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் பேச்சும் சிரிப்பும் நடுநடுவே அழுகையும்தான். அதற்குப் பெயர் வகுப்பு. பெரிய படிப்புப் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அந்தப் பாயில் இடம் கிடைக்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வகுப்பை நடத்தியவள் மதனவதி. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்துப் பெண். சென்னையில் நர்ஸ் வேலைக்குப் படித்து, குழந்தைகள் வார்டில் பல வருஷம் இருந்தவள். மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அவர் கண் மூடுகிற வரை பார்த்துக்கொண்டாள். அந்த வருஷங்களில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வார்டில் கூட வேலை செய்ய நாலு பேர் இருந்தார்கள். ஷிப்டு முடிந்தால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடலாம். வீட்டில் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஷிப்டும் இல்லை, கூட ஆளும் இல்லை. இவர்களை ஓர் இடத்தில் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றி, யார் யாரையோ பார்த்துக் கிடங்கின் சாவியை வாங்கினாள்.

வேகவதி ஆற்று மணலைத் தாண்டி நடந்தே வருவாள். இருட்டின பிறகு சாப்பிடாத குடும்பம் என்பதால் வெயில் இறங்குவதற்குள் வகுப்பை முடித்தாக வேண்டும். அவளுக்குக் கொடுக்கிற தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. யாரும் யாரிடமும் சொல்லி வைக்காமலேயே ஒருத்தி துவைத்த துணியோடு வந்திருப்பாள்.

வடிவாம்பாள் அந்தக் கிடங்குக்கு முதல் தடவை சண்டை போடத்தான் போனாள்.

"பெத்தவளுக்குப் புள்ள வளக்கக் கத்துக் குடுக்கறாங்களாமே? யாரு அந்தம்மா? நானும்தான் பாக்கறேன்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். இடுப்பில் குழலி. முழுப் பெயர் ஏலவார்குழலி. ஏகாம்பரநாதருடைய அம்மன் பெயர். ஒரு வயது வரைக்கும் தவழ்ந்து, சுவரைப் பிடித்து நின்ற குழந்தை. மூளைக் காய்ச்சல் வந்து உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். உயிர் பிழைத்தது, மற்றதெல்லாம் போய்விட்டது. கழுத்து நிற்கவில்லை, கால்கள் விறைத்துப் பின்னிக்கொண்டன, பேச்சு வரவில்லை. சிரிப்பு மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. அப்பா கைலாசம் தறியில் உட்கார்ந்து மிதியை மிதித்தால் போதும், ஐந்து வயதுப் பெண் கன்னம் குழியச் சிரிப்பாள்.

பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். அவளுக்குச் சோறு கொடுக்கிற கஷ்டம் வடிவாம்பாளுக்குத்தான் தெரியும். நீட்டின காலில் மல்லாத்திப் போட்டு, கரைத்த சோற்றைப் பாலாடையால் வாயில் விடுவாள். விட்டால் புரையேறும். புரையேறினால் கண் செருகும். ஒரு வேளைச் சோறு இறங்குவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். அந்தக் குழந்தை அம்மா கை தவிர வேறு யார் கையிலும் வாயைத் திறக்காது. பெற்ற அப்பனிடம்கூட இல்லை. கைலாசம் நல்ல மனுஷன்தான். ஆனால் சோற்றில் கை வைக்கச் சொன்னால், "கையில மஞ்சக் கறை இருந்தா பட்டுல ஏறிடும்மா" என்பார். பட்டு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி நெசவாளி தப்பித்துக்கொள்ளாத வேலை வீட்டில் எதுவும் கிடையாது.

சண்டைக்கு வந்தவளை மதனவதி உட்காரச் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"மேல உத்திரத்தப் பாத்துக்கினே இத குடிங்கம்மா."

"இன்னாத்துக்கு?"

"குடிங்களேன். கண்ண எறக்காம குடிக்கணும்."

வடிவாம்பாள் வீறாப்பாக அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு வாயை டம்ளரில் வைத்துக் குடித்தாள். இரண்டாவது வாயிலேயே புரையேறி, தண்ணீர் மூக்கு வழியாகக் கொட்டியது. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோனது. சுற்றி இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இப்ப கொஞ்சம் குனிஞ்சு குடிங்க" என்றாள் மதனவதி. "எறங்குதா? உங்க பொண்ணும் இதத்தாம்மா சொல்லிக்கினு இருக்கறா. அவளுக்கு வாயில வரல, இருமிக் காட்டறா."

வடிவாம்பாளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைக்கே குழலியை இடது கையில் சாய்த்து உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, குழைத்த சோற்றைச் சின்ன உருண்டையாக வலது கன்னத்துப் பக்கம் வைக்கப் பழகினாள். வைத்துவிட்டுப் பொறுக்க வேண்டும். தொண்டை ஏறி இறங்கினதைப் பார்த்த பிறகுதான் அடுத்த உருண்டை. குழலி இருமாமல் முழுங்கினாள். நாலு வருஷமாகப் பெற்ற பெண்ணைத் தன் கையாலேயே மூச்சுத் திணற வைத்திருக்கிறோம் என்று நினைத்து வடிவாம்பாள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதாள். அடுத்த அமாவாசைக்கு அவள்தான் முதல் ஆளாகப் போய்ப் பாய் விரித்தாள்.

அந்தப் பிற்பகல்கள்! பிற்காலத்தில் வடிவாம்பாள் வேறு எதைப் பேசினாலும் சுற்றி வந்து அங்கேதான் நிற்பாள். அவள் தெருவிலேயே இருந்த நீலாம்பாள், வாதத்தில் படுத்துவிட்ட புருஷனை எண்ணெய் தேய்த்துப் புரட்டிப் போட்டுப் புரட்டிப் போட்டே தோள் அகன்றுபோனவள், அவரை மாதிரியே வாயைக் கோணிக்கொண்டு பேசிக் காட்டுவாள். "பாவம்டி, கட்டின புருஷன்" என்பார்கள். "அவர்தாண்டி கத்துக் குடுத்தாரு, போய் அங்க நடிச்சுக் காட்டுன்னு" என்பாள். அது நிஜமும்கூட. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வேணுகோபால் வருவார். பெண்சாதியை இழந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவாளி. காது கேட்காத மகனுக்கு அம்மாவும் அவரே. வந்த ஒரே ஆண்பிள்ளை. உள்ளே வாங்க என்றால், "பரவாலேதும்மா" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். பெருமாள் கோயில் இட்லியில் ஒரு துண்டை மந்தாரை இலையில் மடித்துக் கொண்டுவந்து, அதை எல்லோருக்கும் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பார். மிளகும் சுக்கும் நெய்யுமாக அந்தத் துளி இட்லி நாக்கில் படும்போது, வீடு, தறி, மருந்து, மூத்திரத் துணி எல்லாம் எங்கோ தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அந்த ருசி அப்புறம் எந்த இட்லியிலும் இல்லை என்று வடிவாம்பாள் சாதிப்பாள். இட்லி அதேதான் என்று சொன்னால் சண்டைக்கு வருவாள்.

ஐப்பசி மாதத்து அமாவாசை ஒன்றில் நல்ல மழை. வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கிடங்கின் ஓட்டில் தண்ணீர் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. நீலாம்பாள் திடீரென்று, "கோயிலுக்குப் போனா இன்னா வேண்டிக்கறதுன்னே எனக்குத் தெரியல நர்ஸம்மா. எல்லாம் வேண்டி முடிச்சாச்சு" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் வடிவாம்பாள், மடியில் குழலியின் தலையைக் கோதிக்கொண்டே. "எனக்கு முன்னாடி இவளக் கூட்டிக்கோன்னு வேண்டிக்கறேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெற்றவள் சொல்கிற வார்த்தையா இது? காமாட்சியம்மன் சந்நிதியில் மனசுக்குள் சொல்லிவிட்டு, பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த வார்த்தை. இவர்கள் காறித் துப்பப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சீ என்று சொல்லவில்லை. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். வாசற்படியிலிருந்து வேணுகோபாலின் குரல் வந்தது. "நானும் அதேதாம்மா. வரதர்கிட்ட தினமும் அதேதான் கேக்கறேன்."

"நான் மட்டுந்தான் பாவின்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள் இன்னொருத்தி.

மதனவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன பேரு ஒரே வேண்டுதல வெச்சுக்கினு தனித்தனியா அழுதுக்கினு இருந்திருக்கீங்களேம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மழை விட்டு வீட்டுக்குப் போகும்போது வடிவாம்பாளுக்கு உடம்பே லேசாக இருந்தது. இடுப்பிலிருந்த பெண்கூடக் கனம் குறைந்துவிட்ட மாதிரி தோன்றியது.

அடுத்த வருஷம் மாசியில் அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. பெண்கள் வழக்கப்படி யாரிடமும் மூச்சு விடவில்லை. முகம் வெளுத்துச் சுண்ணாம்பாகிப் போனதைப் பார்த்து மதனவதிதான் பிடித்த பிடியில் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். பதினைந்து நாளாவது ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். தள்ளிப் போட்டால் இரத்தமெல்லாம் போய் உயிருக்கே ஆபத்து என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

உயிர் போகும் என்றதற்கு அவள் பயப்படவில்லை. பதினைந்து நாள் என்றதற்குத்தான் பயந்தாள். பதினைந்து நாள் குழலி யார் கையில் சாப்பிடுவாள்? திரும்பி வரும்போது பஸ்ஸில் மதனவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆப்ரேசன் பண்ணலன்னா கொஞ்ச நாள்ல நான் போவேன். பண்ணிக்கினா பதினஞ்சு நாள்ல இவ போயிடுவா. எதம்மா நான் பண்றது?" என்று கேட்டாள்.

வகுப்பில் செய்தி பரவியதும் எல்லோரும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதல் யோசனை நீலாம்பாளுடையது. வடிவாம்பாளுடைய புடவையை, துவைக்காமல் அப்படியே உடுத்திக்கொண்டு, அதே மாதிரி கொண்டை போட்டு, அதே மாதிரி குழலியை மடியில் சாய்த்துக்கொண்டாள். அம்மா வாசனைக்குக் குழந்தை ஏமாந்துவிடும் என்று கணக்கு. குழலி நிமிர்ந்து அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். கடகடவென்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுப் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். கிடங்கே உருண்டு சிரித்தது, வடிவாம்பாளும் சிரித்தாள். ஆனால் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

அடுத்து மதனவதி சொன்னபடி செய்தார்கள். வார்டில் அதுதான் வழக்கம். தாய் கண்ணிலேயே படாமல் இருந்தால் பசி வந்ததும் குழந்தை தானே வாயைத் திறக்கும். ஒரு அமாவாசை காலையில் குழலியை நீலாம்பாள் வீட்டில் விட்டுவிட்டு, வடிவாம்பாளைக் கொல்லைப்பக்கத்துச் சுவருக்கு அந்தாண்டை உட்கார வைத்தார்கள். காலை போயிற்று, உச்சி போயிற்று. குழலி முதலில் அழுதாள், பிறகு முனகினாள், பிறகு அதுவும் நின்றுவிட்டது. தண்ணீர்கூட உதட்டோரம் வழிந்துவிட்டது. வெயில் சாய்கிற நேரத்தில் தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. வடிவாம்பாள் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து பெண்ணை வாரி எடுத்துக்கொண்டாள்.

"போதும்மா உங்க வகுப்பு! எம்பொண்ணப் பட்டினி போட்டுத்தான் நான் பொழைக்கணும்னா அந்தப் பொழப்பே வேணாம்!"

மதனவதியின் முகமும் செத்துப்போயிருந்தது. அன்று அவள் ஆற்றைக் கடக்கும்போது இருட்டிவிட்டது என்றும், சாப்பிடாமலே படுத்தாள் என்றும் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த அமாவாசைக்கு வடிவாம்பாள் போகவில்லை. உதிரப்போக்கு நிற்கவும் இல்லை. எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைலாசம் தறியில் வாடாமல்லிக் கலர் பாவு நூல் முடிந்து, அரக்கு நிறத்தில் புதுப் பாவு வந்திருந்தது. புடவை நெய்து முடிந்தாலும் பழைய பாவின் மிச்சத்தைத் தறியிலிருந்து எடுத்துவிட மாட்டார்கள். அதன் ஒவ்வொரு இழையின் நுனியோடும் புதுப் பாவின் ஒரு இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு திருகு, ஒரு தடவல், இரண்டும் ஒன்றாகிவிடும். எல்லா இழையும் பிணைந்த பிறகு இழுத்தால், பழையது வழிகாட்டப் புதியது அதன் பின்னாலேயே தறிக்குள் வந்துவிடும். அப்புறம்தான் பழையதை அறுப்பார்கள். பிணைப்பதில் வடிவாம்பாள் கைதேர்ந்தவள். அன்றைக்கு உடம்புக்கு முடியாமல் நீலாம்பாளைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பழைய மனஸ்தாபம் மாறாமல் பேசாமலே பிணைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிப் பாவில் வடிவாம்பாளின் விரல் நின்றது.

"நீலாக்கா. பழைய பாவ மொதல்ல அறுத்துப் போட்டுட்டு புதுசக் கட்டினா இன்னா ஆவும்?"

"இன்னாடி கேள்வி இது? மொதல்லேர்ந்து எழ எழையா கோத்துக்கினு மாசக்கணக்கா கெடக்கணும். புத்தி கெட்டவதான் அப்படிச் செய்வா."

"நாம குழலிக்கு அதத்தான செஞ்சோம்?"

நீலாம்பாள் கையிலிருந்த இழையை விட்டுவிட்டாள். பிறகு நீலாம்பாள் சாம்பல் கையோடு எழுந்து, "இரு, கையக் கழுவிக்கினு வரேன். சோறு வடிச்சிட்டியா?" என்றாள்.

அன்று மத்தியானம் குழலி வழக்கம் போல அம்மா மடியில்தான் சாய்ந்திருந்தாள். சோற்றை எடுத்ததும் அம்மா கைதான். அந்த மணிக்கட்டின் மேல் நீலாம்பாளின் கை சும்மா ஒட்டிக்கொண்டு போய் வந்தது. குழலி அதைப் பார்த்தாள், யோசித்தாள், வாயைத் திறந்தாள். சில நாள் அப்படி. அப்புறம் நீலாம்பாளின் விரலில் உருண்டை, அதன் மேல் வடிவாம்பாளின் கை. அப்புறம் அம்மா கை முழங்கைக்கு இறங்கியது, அப்புறம் தோளுக்கு. மடியும் மாறியது. அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

வடிவாம்பாள் மதனவதியிடம் போய்ச் சொன்னபோது அவள் கேட்டுவிட்டு, "எவ்ளோ நாளாவும்?" என்றாள்.

"பட்டு அறுந்துடாம இழுக்கணுமேம்மா. எப்படியும் ரெண்டு மூணு மாசம்."

"அவ்ளோ நாளு உங்க உடம்புல ரத்தம் இருக்கணுமே. சரி, அத நான் பாத்துக்கறேன்" என்று மதனவதி செங்கல்பட்டுக்கு நடையாய் நடந்தாள். டாக்டரிடம் கெஞ்சி, திட்டு வாங்கி, ஊசியும் மாத்திரையுமாக வாங்கி வந்து, தானே வீட்டுக்கு வந்து போட்டாள். வெல்லமும் கேழ்வரகும் முருங்கைக்கீரையுமாக வகுப்பே அவளுக்குச் சமைத்துப் போட்டது. தன்னை யாராவது உட்கார வைத்துச் சோறு போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று வடிவாம்பாள் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

நீலாம்பாளுக்குப் பிறகு கைலாசம். மஞ்சள் கறை என்று வாயெடுத்தவரை, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தறியா நெய்றீங்க?" என்று ஒரே கேள்வியில் வடிவாம்பாள் மடக்கிவிட்டாள். முதல் நாள் அவர் பழகாத கையால் ஊட்டியதில் பாதிச் சோறு குழலியின் மூக்கில் அப்பியது. குழலி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்து, பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகி, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, விரலை மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை.

இவ்வளவும் நடந்தது, ஆனால் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. வடிவாம்பாளின் விரல் நுனி குழலியின் தோளிலிருந்து மட்டும் நகரவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். குழந்தை பயந்துக்கும் என்று காரணம் சொன்னாள். ஒரு அமாவாசையன்று கிடங்கில் நீலாம்பாள் ஊட்டிக்கொண்டிருந்தபோது மதனவதி பக்கத்தில் வந்து குந்தி, மெதுவாகக் காதில் சொன்னாள்.

"வடிவு, அவ எப்பவோ விட்டுட்டா. நீங்கதான் புடிச்சுக்கினு இருக்கீங்க."

வடிவாம்பாளுக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. நிஜம் என்பதால்தான் தைத்தது. விரலை எடுத்தாள். குழலி திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள். வடிவாம்பாள் எழுந்து வாசற்படிக்குப் போய் வேணுகோபாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இட்லி இலைமடிப்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

வைகாசியில் கருடசேவைக் கூட்டம் வடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலியைவிட மத்தியான வேளைதான் அவளைப் படுத்தியது. அந்த நேரம் வந்தால் வலது கை தானாகக் குவிந்துகொள்ளும். பக்கத்துக் கட்டிலில் கிடந்த யாரோ பெண் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பிசையற மாதிரி பண்றீங்க?" என்று கேட்டாள். மதனவதி பஸ் பிடித்து வந்து, "துன்றாம்மா, நல்லா துன்றா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதைக் கேட்டால் சந்தோஷம்தான். அவள் போன பிறகு ஏனோ போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றும்.

வீடு திரும்பிய நாள், சைக்கிள் ரிக்ஷாவிலிருந்து இறங்கும்போதே உச்சிப்பொழுது. உள்ளே நீலாம்பாள் மடியில் குழலி. அம்மாவைப் பார்த்ததும் உடம்பை வில்லாக வளைத்துக் கூவினாள். வடிவாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கையைக் கழுவி, தரையில் அமர்ந்து, சோற்றை உருட்டி நீட்டினாள். குழலி வாங்கிக்கொண்டாள். இரண்டாவது உருண்டையையும் வாங்கிக்கொண்டாள். மூன்றாவதற்கு முகத்தைத் திருப்பி நீலாம்பாளின் கையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

நீலாம்பாளுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "பாருடி இவ திமிர! பெத்தவ வந்து உக்காந்துக்கினு இருக்கறா..."

"குடு நீலாக்கா. நீயே குடு" என்றாள் வடிவாம்பாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வயிறு எரிந்தது, அதைத் தையல் போட்ட எரிச்சல் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். "திருட்டுக் கழுத" என்று மகள் கன்னத்தைக் கிள்ளினாள். அன்று சாயங்காலம் காமாட்சியம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டபோது, பழைய வேண்டுதல் வாய்க்கு வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. சும்மா கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

அதற்கு அப்புறம் ஐந்தாறு வருஷம் வகுப்பு நடந்தது. பிறகு கிடங்கை யாரோ விலைக்கு வாங்கினார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று எல்லோரும் அழுதார்கள், ஆனால் இடிந்துபோகவில்லை. அதற்குள் ஒருத்தி வீட்டுக்குள் இன்னொருத்தி கேட்காமலே நுழைந்து, மாமியாரைப் புரட்டிப் போட்டுவிட்டோ, குழந்தைக்குச் சோறு கொடுத்துவிட்டோ போகிற பழக்கம் தெருவில் ஊறிவிட்டது. நீலாம்பாள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு ஐயம்பேட்டை போனபோது அவள் புருஷனுக்குக் கஞ்சி கொடுத்தது வடிவாம்பாள். வேணுகோபால் காய்ச்சலில் படுத்தபோது அவர் மகன் ஒரு மாதம் கைலாசத்தின் வீட்டில் இருந்தான். அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. கிடங்கு இருந்த இடத்தில் இன்றைக்கு ஜவுளிக்கடையின் கண்ணாடிக் கதவு மின்னுகிறது. உள்ளே போனால் குளிர்ச்சியாக இருக்கும். பாயில் உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

எழுபத்தெட்டு தை மாதத்தில் ஒரு நாள் காலை, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த வடிவாம்பாள், மார்பைப் பிடித்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் சாய்ந்தாள். கைலாசம் எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தறிகள் ஒவ்வொன்றாக நின்று தெரு அடங்கியது. கூடத்தில் அவளைக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். கைலாசம் தூணில் சாய்ந்து வெறித்துக்கொண்டிருந்தார். குழலி சுவரோரம் தலையணைகளுக்கு நடுவே, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பதினாறு வயது; உடம்பு வளர்ந்திருந்ததே தவிர மற்றபடி அதே குழலி.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உச்சிப்பொழுதுக்கு நீலாம்பாள் தன் வீட்டிலிருந்து ரசம் சோறு குழையப் பிசைந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். வெளியூர் உறவுக்காரி ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "பெத்தவள வெச்சுக்கினு சோறா?"

"பசிக்கும்" என்றாள் நீலாம்பாள்.

குழலியை இடது கையில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகவாயைத் தாழ்த்தி, உருண்டையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாள். குழலி அதைப் பார்க்கவில்லை. கூடத்து நடுவே படுத்திருந்த அம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். வாசற்படியில் வேணுகோபால் எழுந்து நின்றார். ஆற்றைக் கடந்து வந்திருந்த மதனவதி தன் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

குழலி வாயைத் திறந்தாள். நீலாம்பாள் வலது கன்னத்துப் பக்கம் சோற்றை வைத்துவிட்டுப் பொறுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. குழலி மறுபடியும் வாயைத் திறந்தாள்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த கைலாசம் அப்போதுதான், "வடிவு, துன்றாம்மா! உம்பொண்ணு துன்றா, பாரு!" என்று ஓவென்று கத்தி அழுதார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நீலாம்பாள் மட்டும் அழவில்லை. அழுதால் கை நடுங்கும். கிண்ணம் காலியாகிற வரைக்கும் உருண்டை உருண்டையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.